குதிரை வண்டி நிற்கும் வழியில்

பழனியில் என் வீட்டுக்கும் நான் கணக்கு ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளிக்கும் நடுவில் குதிரை வண்டிகள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. 14 ஆண்டுகளாக, பள்ளி நடக்கும் நாளெல்லாம் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அதைக் கடந்து போகிறேன். குதிரை வாங்கிக் கட்டுவதற்கு எனக்கு இடமும் இல்லை, வசதியும் இல்லை. ஏறி ஓட்டக் கற்றுக்கொண்டதும் இல்லை. பார்க்கப் பிடிக்கும், பக்கத்தில் நிற்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பிடித்தமே ஒரு குதிரையின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்த ஓர் இரவுக்குப் பிறகு, அதனிடம் பழகும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டேன். மெரினா மணலிலும், ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரைகளிலும், எங்கள் ஊர் அடிவாரத்திலும் குதிரையைக் கண்டதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகில் போகிறவர்களுக்கு இதில் சில செய்திகள் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சொல்லும் குதிரைக்குச் செவலை என்று பெயர். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் நாமம் போட்டது போல் நீண்ட வெள்ளைச் சுட்டி, பின்கால் இரண்டிலும் வெள்ளை. காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் அதன் முன்னோரில் யாரோ கத்தியவார் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொல்வார். அறுபதைக் கடந்தவர், அவருடைய தகப்பனாரும் இதே அடிவாரத்துக்கு யாத்திரீகர்களை ஏற்றிச் சென்றவர். நான் அவரை அண்ணன் என்று அழைப்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

எனக்குக் குதிரை மீது இந்த ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மண்ணிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் பக்கத்தில் குளமங்கலத்து அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலை ஒன்று இருக்கிறது. மாசி மகத்தன்று அதன் உடல் தெரியாத அளவுக்குக் காகிதப் பூமாலைகள் சாத்துவார்கள். எங்கள் ஊர் எல்லையில் இருந்தவை சிறியவை, வேளார் வனைந்து சுட்ட புரவிகள். கோடை விடுமுறையில் அவற்றின் வயிற்றுக்கு அடியில் நிழலுக்கு உட்கார்ந்திருப்போம். உயிருள்ள குதிரையை முதன்முதலாக நெருங்கிப் பார்த்தது திருமணமாகிப் பழனிக்கு வந்த பிறகுதான். மண் குதிரையின் விரிந்த மூக்கும் முறைத்த கண்ணும் நெஞ்சில் பதிந்திருந்த எனக்கு, செவலையின் கண்ணில் இருந்த அமைதி வியப்பாக இருந்தது. மண் குதிரைக்கு எதைப் படைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்ற பழக்கமும் என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலன்று காலையில் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். மாட்டுக்கு ஊட்டுவது போலக் குதிரைக்கும் ஊட்ட வேண்டும் என்ற ஆசை. அண்ணன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. செவலை முழுவதையும் தின்று தூக்கையும் நக்கியது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாக வருகிறவர்கள் ஊருக்குள் நிறைந்திருந்த நேரம் அது; எனக்கு முன்னும் பின்னும் வாழைப்பழம், பன், அன்னதானச் சோறு என்று எத்தனை பேர் எதை எதைக் கொடுத்தார்களோ.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணனின் மகன் என் வீட்டுக்கு வந்து, குதிரைக்கு உடம்பு சரியில்லை, என்ன கொடுத்தீர்கள் என்று அப்பா கேட்டு வரச் சொன்னார் என்றான். ஓடிப் போய்ப் பார்த்தபோது செவலை முன்காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் விலாவையே பார்த்தது. படுத்து உருண்டது, எழுந்தது, மறுபடி படுக்கப் பார்த்தது. மார்கழிக் குளிர் விலகாத அந்த இரவில் அதன் கழுத்தும் மார்பும் வியர்வையில் நனைந்து, விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்தது போல் மின்னின. மாலையிலிருந்து சாணம் போடவில்லை என்று அண்ணன் சொன்னார். கால்நடை மருத்துவர் வந்து இரண்டு விலாவிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்; குடல் இரையும் சத்தம் கேட்பதுதான் நல்லது, அமைதியாக இருந்தால்தான் பயம் என்று விளக்கினார். வலிக்கு ஊசி போட்டுவிட்டு, மூக்கு வழியாக நீண்ட குழாயை வயிறு வரைக்கும் இறக்கி உள்ளே இருந்ததை வெளியேற்றினார். அதன் பிறகு அண்ணனும் அவர் மகனும் மாறி மாறி அதை மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் செவலை சாணம் போட்டது. அந்தப் பெரியவர் கையெடுத்து மலையைப் பார்த்துக் கும்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “இனிமே என்ன குடுக்கறதா இருந்தாலும் என்னைய ஒரு வார்த்தை கேட்டுருங்க டீச்சரம்மா” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் பாதி.

மருத்துவர் அன்று சொன்னதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மாடு அசைபோடும் விலங்கு. அதற்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் 400, 500 கிலோ எடையுள்ள உடம்புக்குப் பொருந்தாத சிறிய பை. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அவிழ்த்து விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருப்பதற்காக அமைந்த வயிறு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது திரும்பி வராது. மாவுச்சத்து மிகுந்த உணவு ஒரே நேரத்தில் நிறையப் போனால் அது குடலில் புளித்து வாயு பெருகி வலி உண்டாகிறது. சில குதிரைகளுக்கு இரண்டொரு நாளில் குளம்பின் உட்பகுதி அழற்சி கண்டு நடக்கவே முடியாமல் போய்விடும். குதிரைகள் இறப்பதற்கு வயிற்று வலி ஒரு முதன்மையான காரணம் என்பதை அந்த இரவுக்கு முன்பு நான் கேள்விப்பட்டதே இல்லை.

இது நம் மண்ணில் பழைய கதையும்கூட. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் பெரும் விலைக்கு இங்கே வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மாண்டுவிடுவதையும் எழுதியிருக்கிறார். அரிசிச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதைப் படித்த அன்று என் தூக்குச் சட்டி கண்முன் வந்து நின்றது.

ஆகவே, வழியில் காணும் குதிரைக்குச் சோறு, பொங்கல், ரொட்டி, பிஸ்கட், பிரசாதம் எதையும் கொடுக்காதீர்கள். அருகம்புல்லும் உலர்ந்த புல்லும்தான் அதன் சாப்பாடு. கொள்ளும் தவிடும் உழைக்கும் குதிரைக்கு அளந்து கொடுப்பவை. அளவு வளர்ப்பவருக்குத்தான் தெரியும். ஆசைக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமானால், அவரைக் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு கேரட்டைக் கழுவி நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம். வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொடுக்கும்போது ஐந்து விரல்களையும் ஒட்டி, உள்ளங்கையைத் தட்டு போல் விரித்து அதன் மேல் வைத்து நீட்ட வேண்டும். என் தங்கை மகள் ஒருமுறை கேரட்டை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து நீட்டி, விரலிலும் கடி வாங்கினாள். குதிரைக்கு அவள் மேல் கோபம் ஏதும் இல்லை. தன் வாய்க்கு நேர் கீழே இருப்பதை அதனால் பார்க்க முடியாது, உதட்டால் தடவித்தான் எடுக்கும். கேரட் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் குதிரை ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கிறது. அதற்குத் தெரியாத இடங்கள் இரண்டு: முகத்துக்கு நேர் முன்னும் கீழும் உள்ள சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னால் உள்ள பகுதி. பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்த் தொட்டால், வேட்டை விலங்குக்கு அஞ்சி வாழ்ந்த அதன் உடம்பு முதலில் உதைத்துவிட்டுப் பிறகுதான் யாரென்று பார்க்கும். ஆகவே அதன் தோளுக்கு நேராக, பக்கவாட்டில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். நெற்றியில் சட்டென்று கை வைக்காமல், கழுத்தின் பக்கத்தில் தொட வேண்டும். காதுகள் இரண்டும் பின்னால் ஒட்டிப் படிந்திருந்தால் அது எரிச்சலில் இருக்கிறது, விலகிவிடுங்கள். முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. காது தளர்ந்து, கீழுதடு தொங்கி, பின்கால் ஒன்றை மடக்கிக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருந்தால் அது ஓய்வில் இருக்கிறது; அப்போது அதைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. நின்றபடியே உறங்குவதற்குக் கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு என்றாலும், ஆழ்ந்த தூக்கத்துக்குச் சிறிது நேரமாவது அது படுத்தாக வேண்டும். படுத்திருக்கும் குதிரையைக் கண்டு ஏதோ நோய் என்று எழுப்பி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உருளாமல், வியர்க்காமல், விலாவைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தால் அதைத் தூங்க விடுங்கள்.

லாடம் அடிக்கும் நாளில் செவலையைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது ஒரு சனிக்கிழமையில்தான். லாடம் அடிக்கிறவர் குதிரையின் தலைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்று, முன்காலின் கீழ்ப்பகுதியை ஒரு முறை கையால் வழித்துவிட்டார். செவலை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. அவர் அதைத் தன் இரு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குறட்டால் பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தேய்ந்த லாடம் தட்டென்று விழுந்ததும், வளைந்த கத்தியால் குளம்பின் அடிப்பகுதியைச் சீவத் தொடங்கினார். காய்ந்த தேங்காய்ப் பருப்பைச் சீவுவது போல் வெளிர் மஞ்சள் சீவல்கள் சுருண்டு விழுந்தன. தெருநாய் ஒன்று வந்து அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. குளம்பின் நடுவே முக்கோண வடிவில், ரப்பர் போல அழுத்தினால் அமிழும் ஒரு பகுதி இருக்கிறது. கால் ஊன்றும் அதிர்ச்சியைத் தாங்கவும் இரத்தத்தை மேலே தள்ளவும் அது உதவுகிறது. அதன் இரு பக்கத்துப் பள்ளங்களில் சாணமும் மண்ணும் தங்கினால் அழுகி நாற்றம் எடுக்கும் என்பதால், நாள்தோறும் கொக்கியால் சுத்தம் செய்ய வேண்டும் என்று அண்ணன் காட்டினார். ஆணி அடிக்கும்போது என் உடம்பு கூசியது. ஆனால் குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றது, அதற்கு உணர்ச்சி இல்லை. ஆணி அந்தச் சுவருக்குள் மட்டும் ஏறிப் பக்கவாட்டில் வெளியே வரும். வெளியே வந்த நுனியை முறுக்கி ஒடித்து, மடக்கி அடிப்பார்கள். ஒரு நூல் உள்ளே தள்ளிப் போனாலும் உயிருள்ள தசையில் குத்திவிடும், குதிரை நொண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குளம்பு வளர்வதால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை வந்துவிடுகிறது. சவாரிக் கூலி ஏன் இவ்வளவு என்று பேரம் பேசும் முன் இதை நினைத்துப் பாருங்கள் என்று நான் யாத்திரீகர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

சவாரிக்குக் குதிரையைத் தேர்ந்தெடுப்பதில் நம் கையில் இருக்கும் அதிகாரம் பெரியது. முதலில் அது நான்கு அடி நடப்பதைப் பாருங்கள். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். தலை ஒவ்வோர் அடிக்கும் எழுந்து எழுந்து தாழ்ந்தால் அந்தக் குதிரை நொண்டுகிறது. சேணம் உட்காரும் முதுகிலும், பட்டை உரசும் மார்பிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கடிவாளம் இருக்கும் வாயோரம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முள் வைத்த கடிவாளத்துக்குச் சட்டப்படியே தடை உண்டு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் அதற்குத் தண்ணீர் போதவில்லை. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் தேவை, வெயிலில் உழைத்தால் அதற்கும் மேல். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கென 1965இல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பநிலை 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கவே கூடாது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் அந்த மூன்று மணி நேரமும் வண்டியில் ஏறாமல் இருப்பது நாம் செய்யக்கூடிய எளிய உதவி. காலையிலோ மாலையிலோ ஏறுங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். குதிரையைக் காப்பாற்றுகிறவரும் சாப்பிட வேண்டும். அவருக்கு வருமானம் குறைந்தால் முதலில் குறைவது கொள்ளு.

ஆடி மாதத்தில் ஒருமுறை அண்ணனோடும் அவர் குடும்பத்தோடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் வந்தேன். காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளையும், இளஞ்சிவப்புத் தோலும் வெண்மயிரும் கொண்ட நுக்ராக்களையும் அங்கேதான் கண்டேன். வாங்க வந்தவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணித்தார்கள். நெற்றி, கழுத்து, மார்பு எங்கும் விரலால் மயிரை விலக்கிச் சுழி பார்த்தார்கள். சுழி சரியில்லை என்று ஒரு நல்ல பெண் குதிரையை வேண்டாமென்று ஒருவர் ஒதுக்கியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சுழி என்பது மயிர் வளரும் திசை. அது குதிரையின் குணத்தையும் குடும்பத்தின் அதிர்ஷ்டத்தையும் சொல்லும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணன் ஏற்கிறார், அதில் எங்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை. மேளத்துக்கு ஆடும் குதிரைகளைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பிள்ளைகளைப் பின்கால் பக்கமாக நிறுத்திப் படம் எடுத்தவர்களைக் கண்டுதான் எனக்கு நெஞ்சு பதறியது.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனாரைத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்து வந்தார். அந்த மருந்து குதிரையின் உடலில் உருவாகிறது என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. நிறுவனங்கள் அந்த நஞ்சைக் குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகச் செலுத்துகின்றன; அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே மருந்து தயாராகிறது. மறுநாள் அந்த மாணவன் பள்ளிக்கு வரும் வழியில் செவலையின் முன் நின்று, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொடைக்கானலுக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு செய்தி மட்டும். அங்கே குதிரைகள் சாலையிலேயே திரியும். பனிமூட்டத்தில் ஒன்று எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காதீர்கள், உயர் ஒளி விளக்கைத் தாழ்த்தி வண்டியை நிறுத்துங்கள். மிரண்ட குதிரை விலகி ஓடுவதற்குப் பதில் வண்டியின் மீதே பாயக்கூடும்.

இப்போதும் காலை எட்டேகால் மணிக்கு அந்த இடத்தைக் கடக்கிறேன். செவலைக்கு வயதாகிவிட்டது, கண்ணுக்கு மேலுள்ள குழிகள் ஆழமாகிவிட்டன, சுட்டியைச் சுற்றி நரைத்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டி இழுக்கிறது, மற்ற நாட்களில் இளங்குதிரைக்குத் துணையாகக் கட்டியிருக்கிறார்கள். என் கைப்பையில் நீளவாக்கில் நறுக்கிய கேரட் இரண்டு இருக்கும். அண்ணன் முகத்தைப் பார்ப்பேன். சாணம் சரியாகப் போட்டிருக்கிறதென்றால் தலையசைப்பார், கையை விரித்து நீட்டுவேன். இல்லையென்றால் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். அதன் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டுப் பள்ளிக்கு நடப்பேன்.